அரைப்பேர்

திறனாய்வு என்பது கதைக்கும் கவிதைக்கும் மட்டும் உரியது என்று கொள்வது நம் வழக்கம். ஆனால், மனிதரைப் பற்றி எழுதப்படும் எந்த எழுத்தும் திறனாய்வுக்கு உரியதே. ஒரு புதினத்தைக் கையில் எடுக்கும்போது இதில் பேசுகிறவர் யார், பேசப்படுகிறவர் யார், யாருக்கு வாய் தரப்பட்டிருக்கிறது, யாருக்குத் தரப்படவில்லை என்று கேட்கிறோம். அரசுகள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அவ்வாறு கேட்பதற்கு இக்கட்டுரை எடுத்துக்கொள்வது, 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புதுடில்லியில் செய்துகொண்ட உடன்பாடு.

அதன் கதைச்சுருக்கம் மிக எளிது. இலங்கையின் மலைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருள் எந்நாட்டுக் குடியுரிமையும் அற்றவர்கள் 9,75,000 பேர் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிக்கும். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படும். பதினைந்து ஆண்டுகளுக்குள் எல்லாம் நிறைவேறும். இரு நாடுகளின் வேலையும் ஒன்றுக்கொன்று இசைவாக நடக்க வேண்டும் என்பதால் ஏழுக்கு நான்கு என்னும் விகிதமும் வகுக்கப்பட்டது. ஏழு பேர் இந்தியாவுக்குச் சென்றால், நான்கு பேர் இலங்கைக் குடிமக்கள் ஆவர். அந்தந்தத் தொகையோடு பிறக்கும் குழந்தைகளும் சேர்த்துக்கொள்ளப்படுவர்; அவர்களுக்கு அவ்வொப்பந்தம் தரும் பெயர் ‘இயற்கைப் பெருக்கம்’.

இவ்வெழுத்தின் நடை தெளிவானது, குழப்பமில்லாதது. அதுவே அதன் குறை. பத்து இலட்சத்தை நெருங்கும் மக்களைப் பற்றிய ஓர் எழுத்தில், அம்மக்கள் ஒரு வினைச்சொல்லுக்கேனும் எழுவாயாக வரவில்லை. ஏற்கப்படுகிறார்கள், அனுப்பப்படுகிறார்கள், பின்னர் தீர்மானிக்கப்படுகிறார்கள். அவர்களாகச் செய்வது ஒன்றுமில்லை. அந்த விகிதத்தின் உட்பொருளை ஒரு லயத்து வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். அடுத்த காம்பராக்காரர் குடும்பத்தோடு கப்பல் ஏறினால்தான் இவருக்குக் குடியுரிமை. ஒருவர் நாட்டை இழப்பது மற்றவர் நாட்டைப் பெறுவதற்கு விலையாக ஆகிவிடுகிறது. அயலாரை அயலாருக்கு எதிராக நிறுத்தும் இந்தக் கணக்கில் தீய எண்ணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால், மனிதரை எண்ணால் மட்டுமே அறிந்தவர்கள் எழுதிய கணக்கு அது.

தமிழில் ஆட்களை எண்ணும்போது பத்துப் பேர், நூறு பேர் என்கிறோம். பேர் என்பது பெயர்தான். எண்ணுவதற்குக்கூட நம் மொழி பெயரை அலகாகக் கொண்டது. திருவிவிலியத்தின் ‘எண்ணிக்கை’ நூலிலும் மக்கள் குலம் குலமாக, குடும்பம் குடும்பமாக, பெயர் குறித்தே எண்ணப்படுகிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அங்கே ஒரு நாள் வேலைக்கான பதிவே ‘பேர்’. காலையில் பெரட்டில் நின்று, மலையேறி, குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் விழுவது அரைப்பேர். அதாவது பாதிநாள் கூலி. பாடுபட்ட உடல் முழு உடல். பதியப்பட்ட பேர் மட்டும் பாதி. மலையக மக்களின் நாட்டார் பாடல்களில் இந்த அரைப்பேரின் துயரம் பேசப்படுகிறது. 1974 ஜனவரியில் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் எஞ்சியிருந்த 1,50,000 பேரை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டபோது, அந்தத் தோட்டத்துச் சொல் இரு நாட்டு அரசுகளின் சொல்லாகவும் ஆகிவிட்டது.

இவர்கள் யாரோ அல்லர். 1820களில் ஆங்கிலேயர் கண்டி மலைகளில் காப்பித் தோட்டம் போடத் தொடங்கியது முதல், பின்னர்த் தேயிலைக் காலத்திலும், கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களுள் திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகியவற்றோடு வட, தென் ஆர்க்காடுகளும் உண்டு. நம் செஞ்சி 1993 வரை தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. மானாவாரி நிலமும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் இப்பக்கத்து ஊர்களிலிருந்து மக்களை வெளியே தள்ளின. மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்து, வழியிலேயே மாண்டவர் பலர். பிழைத்தவர்கள் காட்டை அழித்து ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே உருவாக்கினார்கள். நூறாண்டுகளுக்கு மேல் அவர்கள் அங்கு வாழ்ந்த பிறகு, நீங்கள் எந்த நாட்டவர் என்ற கேள்வி எழுப்பப்பட்டது.

அக்கேள்விக்கான விடையில் அண்டை நாடான இந்தியாவின் குரல் எவ்வாறு கலந்தது என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 1939இல் இலங்கை அரசு தன் துறைகளிலிருந்து இந்திய நாட்கூலியாளரை நீக்க முற்பட்டது. இந்தியாவிலிருந்து ஜவாகர்லால் நேரு கொழும்பு வந்து பேசினார். பயனில்லை. உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்தியா அவ்வாண்டு ஆகஸ்ட்டில் தடை செய்தது. நேருவின் வருகையை ஒட்டியே இலங்கை இந்தியர் காங்கிரசும் பிறந்தது. இவையெல்லாம் தொழிலாளரின் நலன் கருதிச் செய்யப்பட்டவை, ஐயமில்லை. ஆயினும், கொழும்பின் அரசியல் மேடைகளில் இவை வேறு விதமாக வாசிக்கப்பட்டன. தோட்டத் தமிழருக்காக டில்லி பேசுகிறது என்றால் அவர்கள் டில்லிக்கு உரியவர்கள்தானே என்ற வாதத்துக்கு இவை துணையாயின. வழக்காட வந்தவரின் குரலே கட்சிக்காரருக்கு எதிரான சாட்சியமாகத் திரிக்கப்பட்டது.

விடுதலை பெற்ற இலங்கை 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம், அந்நாட்டில் பிறந்தவரிடமும் தந்தை அங்கே பிறந்தவர் என்பதற்கோ, பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்பதற்கோ சான்று கேட்டது. லயக் காம்பராவில் பிறந்தவனின் தந்தைக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இந்திய, பாகிஸ்தானியருக்கெனத் தனியே இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவருள் சிறு பகுதியினருக்கே குடியுரிமை கிட்டியது. இந்த அநீதியை எதிர்த்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டு விலகி, தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார் என்பது வரலாறு. பிரதமர் நேருவோ, பிறப்பாலும் நெடுநாள் வாழ்வாலும் அவர்கள் இலங்கைக்கு உரியவர்கள், அவர்களின் சிக்கல் இலங்கையின் உள்நாட்டுச் சிக்கல் என்ற நிலையில் இறுதிவரை நின்றார். 1954இல் கொத்தலாவலையுடன் செய்த உடன்பாடும் சிக்கலைத் தீர்க்கவில்லை.

1964 மே மாதம் நேரு மறைந்தார். ஐந்தே மாதங்களில் நிலைப்பாடு மாறியது. 1962இல் சீனாவுடன் நடந்த போருக்குப் பின் அண்டை நாடுகளின் நல்லெண்ணம் இந்தியாவுக்குத் தேவைப்பட்டது. அந்த நல்லெண்ணத்துக்கான விலையின் ஒரு பகுதியை டிக்கோயாவிலும் பதுளையிலும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் செலுத்தினார்கள். மலையகத் தொழிலாளரின் தலைவராக விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டமான் இந்த உடன்பாட்டை எதிர்த்தார். அவருடைய எதிர்ப்பு முடிவை மாற்றவில்லை. முன்பு அவர்களுக்காகப் பேசிய அண்டை அரசு, இப்போது அவர்களைப் பற்றி அவர்களுக்கு அப்பால் பேசி முடித்தது. இரண்டு நிலைகளும் வேறானவை போலத் தோன்றினாலும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: இரண்டிலும் மலையகத் தமிழரின் குரல் கேட்கப்படவில்லை.

ஒரு மண்ணுக்கு ஒருவர் உரியவர் ஆவது எப்படி என்பதற்கு அரசுகள் தரும் விடை இது. மக்கள் தரும் விடை வேறாக இருப்பதை நம் ஊரின் இலக்கியமே காட்டுகிறது. செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருவோர் இராஜகிரியின் உயரத்தையும் களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் கண்டு வியக்கிறார்கள். ஆனால், இக்கோட்டையைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தது கல் அன்று, ஒரு கதைப்பாடல். கூத்து மேடைகளிலும் ‘பெரிய எழுத்து’ப் பதிப்புகளிலும் வாழ்ந்த தேசிங்குராஜன் கதையைச் சொல்கிறேன்.

அக்கதையின் நாயகன் தமிழன் அல்லன். வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த இராஜபுத்திரர் மரபினன். தந்தை சொரூப்சிங் மொகலாயரால் செஞ்சிக்கு அனுப்பப்பட்டவர். தந்தைக்குப் பின் தேசிங்கு கோட்டையை ஆண்டது மாதக் கணக்கில்தான். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714 அக்டோபரில் போர்க்களத்தில் மாண்டபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு. அவனோடு மாண்ட தோழன் மகமத்கான் ஓர் இஸ்லாமியன். திருமணக் கோலத்திலிருந்து போருக்கு வந்தவன் என்று கதை சொல்கிறது. செஞ்சியின் பாமர மக்கள் இவர்களிடம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. கொள்ளுப்பாட்டன் எங்கே பிறந்தான் என்று வினவவில்லை. இந்த மண்ணுக்காக நின்றான், இந்த மண்ணிலே விழுந்தான் என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. நம் பாட்டனார் அவனைத் தம் பிள்ளையாகவே எண்ணி அழுது பாடினார்கள்.

அரசனுக்கு எளிதில் கிடைத்த இந்த உரிமை கூலிக்காரனுக்குக் கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. வாள் பிடித்த கைக்குப் பாட்டு உண்டு. கூடை சுமந்த தலைக்கு இல்லை என்பது நம் கதைப்பாடல் மரபின் வரம்பு. ஆனாலும், உழைத்து விழுந்த மண் தனக்குச் சொந்தம் என்ற அளவுகோலை அந்த மரபே நமக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால், மலையகத்தில் மூன்று நான்கு தலைமுறைகளைப் புதைத்தவர்களுக்கு அங்கே இல்லாத உரிமை வேறு யாருக்கு உண்டு?

நம் தற்கால இலக்கியம் இவர்களை எவ்வாறு கண்டது? புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ நெல்லைச் சீமைப் பெண் ஒருத்தி இலங்கைத் தோட்டத்தில் படும் சீரழிவை 1930களிலேயே எழுதியது. உடன்பாடு கையெழுத்தான அதே 1964இல் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ வெளிவந்தது. இரண்டும் மதிப்புக்குரியவை. எனினும் இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போன துயரத்தைத் தமிழ்நாட்டு வாசகனின் இரக்கத்துக்கு முன் வைப்பவை இவை. இரக்கம் நல்லதே. ஆனால், ‘போனவர்கள்’ என்று மட்டும் ஒருவரை நினைத்துப் பழகிவிட்டால், ‘திரும்பி வரவேண்டியவர்கள்’ என்று அரசு சொல்லும்போது நமக்கு அது இயல்பாகப் படும். நம் இரக்கத்தின் இலக்கணத்திலேயே அந்த உடன்பாட்டுக்கு இடம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மலையகத்திலிருந்தே எழுதியவர்களின் நூல்கள் வேறு திசையிலிருந்து பேசுகின்றன. அவற்றின் தலைப்புகளை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தாலும் அது விளங்கும். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்னர்த் தம் மக்களோடு வாக்குரிமைப் பறிப்பைக் கண்டவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவருடைய நாவலின் பெயர் ‘வீடற்றவன்’. நாடற்றவன் என்று சட்டம் சொன்னதை வீடற்றவன் என்று அவர் எழுதினார். நாடு என்பது அரசியல் சொல். வீடு என்பது வாழ்க்கைச் சொல். தம் மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்ததும் அவரே. உடன்பாட்டில் வாய் பெறாதவர்களின் சொந்த வாய்மொழி அத்தொகுப்பில் இருக்கிறது.

தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பை நம் வாசகர்கள் இன்னும் பரவலாக அறிய வேண்டும். 2022இல் மறைந்த அவர், ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவலை 1974இல் வெளியிட்டார். இரு அரசுகளும் எஞ்சியவர்களைப் பாதி பாதியாகப் பிரித்த ஆண்டு அது. 1979இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுதி ‘நாமிருக்கும் நாடே’. பாரதியின் விடுதலைப் பள்ளில் வரும் சொற்களை எடுத்து, ஓர் ஏகாரத்தைச் சேர்த்திருக்கிறார். அந்த ஓரெழுத்தில் ஒரு வாதமே அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. நம் பாட்டன் இருந்த நாடன்று. நம்மை அனுப்பப் பார்க்கும் நாடுமன்று. நாம் இருக்கும் நாடே நம் நாடு. புதுடில்லியில் யாரும் கேட்காத கேள்விக்கு மலையகத்தின் படைப்பாளி ஒருவர் ஒரு தலைப்பிலேயே விடை எழுதிவிட்டார்.

உடன்பாட்டுக்குச் சார்பாகவும் சொல்வதற்கு உண்டு. அதை மறைத்துவிட்டுத் திறனாய்வு செய்வது நேர்மையன்று. 16 ஆண்டுகளாக எந்த நாடும் ஏற்காதிருந்தவர்களில் மூன்று இலட்சம் பேருக்கேனும் இலங்கைக் குடியுரிமைக்கு அது வழி திறந்தது. இந்தியாவும் வந்தவர்களைக் கைவிட்டுவிடவில்லை. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களும், கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்களும், நூற்பாலைகளில் வேலையும், சிறு வியாபாரக் கடன்களும் ஏற்பாடு செய்யப்பட்டன. உடன்பாடு இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்று கருதுவோரும் உண்டு.

இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து தலைமன்னாருக்கு இறங்கிய இரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தாயகம் திரும்புகிறார்கள் என்று அரசு சொன்ன பயணத்தை, பயணம் செய்தவர்கள் சாவீடாகக் கண்டார்கள். அங்கே இந்தியாக்காரர், கள்ளத்தோணி என்று ஏசப்பட்டவர்கள், இங்கே சிலோன்காரர் என்று ஒதுக்கப்பட்டார்கள். வியாபாரம் அறியாதவர்களின் கையில் வியாபாரக் கடன் எத்தனை நாள் தங்கும்? 1980களில் கொடைக்கானல் மலைக்காடுகளில் இவர்களுள் பலர் கொத்தடிமைகளாக இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. போன துயரத்தைப் பாடிய தமிழ்நாட்டு இலக்கியம் திரும்பிய துயரத்தை அந்த அளவுக்குப் பாடவில்லை. நம் எழுத்தின் மீது நான் வைக்கும் முதன்மையான குறை இதுவே. அண்டை நாட்டில் நம்மவர் என்று நாம் உரிமை கொண்டாடியவர்கள் நம் தெருவுக்கே வந்து நின்றபோது, நமக்கு அவர்கள் அயலார் ஆகிவிட்டார்கள்.

இது முடிந்த கதையும் அன்று. 1984இல் போரால் இராமேசுவரம் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியாவுக்கு வரப் பதிந்தவர்கள் பலர் அங்கேயே தங்க நேர்ந்தது. பல படிகளுக்குப் பின், இலங்கை 2003இல் இயற்றிய சட்டம் அங்கு எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. ஆனால், 1977, 1983 வன்முறைகளில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு, வவுனியாப் பக்கம் சென்று, அங்கிருந்து போருக்குத் தப்பிக் கடல் கடந்தவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021 கணக்குப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் வாழ்ந்தனர். அவர்களுள் கணிசமானோர் இந்திய வம்சாவளியினர். நம் விழுப்புரம் மாவட்டத்திலும் கீழ்ப்புத்துப்பட்டில் ஒரு முகாம் உண்டு. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான 65 பேரின் வழக்கில், அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு ஆராயுமாறு கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று அண்டை நாடுகளைக் குறித்தது, இலங்கையைக் குறிக்கவில்லை. 2025இல், பதிவுபெற்ற இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்குத் தரப்பட்டது. அது நிம்மதி தருவது, குடியுரிமை அன்று. அதுவும் ஓர் அரைப்பேர்தான்.

நாம் செய்யக்கூடியது என்ன? சட்டம் எழுதும் கை நம்முடையதன்று. படிக்கும் கண் நம்முடையது. நம் பங்கு நூலகங்களிலும் வாசகர் வட்டங்களிலும் மலையக நூல்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கலாம். முகாமில் வாழும் குடும்பங்களிடம், உங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து போனார் என்பதோடு நிறுத்திவிடாமல், நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்றும் கேட்கலாம். 1964இல் கேட்கப்படாமல் போன கேள்வி அது.

2023இல் மலையக மக்கள் தம் முன்னோர் வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். முன்னோரை அவ்வழியே நடக்க வைத்தது பசி. பேரப்பிள்ளைகள் தாமாகவே நடந்தார்கள். இந்தியத் தமிழர் என்று கணக்கேட்டில் எழுதப்பட்டு வந்தவர்கள், மலையகத் தமிழர் என்று தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரை உரக்கச் சொல்லி நடந்தார்கள். டில்லியும் தரவில்லை, கொழும்பும் தரவில்லை; அவர்களே எழுதிக்கொண்டது அந்த முழுப்பேர்.